மலையோடைத் தரை வண்டுகள்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

உயர்மலை ஓடைக்கரையில் வாழும் தரை வண்டு (கராபிடே குடும்பத்து வண்டு) ஒன்று புதிய இனமாக விவரிக்கப்பட்ட செய்தியைப் படித்தவர்கள் கேட்டவை இவை.

சுன்னாகம், உயர்தர மாணவன்: அண்ணை, ஒரு வண்டு புது இனம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நிறம் வேறயா இருந்தால் காணுமோ?

காணாது தம்பி. தரை வண்டுகளில் நிறம் நன்றாக ஏமாற்றும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறிய தவிட்டு நிறமாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். ஓடு இறுகிய பிறகுதான் அதே வண்டு கறுக்கும். நிறத்தை நம்பினால் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிடுவோம்.

முதலில் பார்ப்பது தலைக்குப் பின்னாலுள்ள முன்மார்புத் தகட்டின் வடிவம், முதுகை மூடும் கடினமான வன்சிறகில் ஓடும் நீளக் கோடுகள், கண்ணுக்கு மேலே உள்ள உணர்மயிர்களின் எண்ணிக்கையும் இடமும். ஆனால் நெருங்கிய இனங்களில் இவையும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. அதன் வளைவு, நுனி, உள்ளே மடிந்திருக்கும் பையிலுள்ள கடினத் துண்டுகள் எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். ஆணை அடையாளம் காண முன்காலைப் பாருங்கள். பாதத்தின் முதற் கணுக்கள் அகன்று, அடியில் பிசின்மயிர்த் திண்டு இருந்தால் ஆண்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஏற்கெனவே பெயரிடப்பட்ட நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளோடு, அதாவது பெயர் வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட வண்டுகளோடு, ஒப்பிட வேண்டும். பல புதிய இனங்கள் ஓடையில் அல்ல, அருங்காட்சியகப் பெட்டியில்தான் புதியவை என்று தெரியவருகின்றன. இலங்கைத் தரை வண்டுகளுக்குத் தொடக்கம் பிரித்தானிய வண்டு ஆய்வாளர் அன்ட்ரூஸ் 1929இலும் 1935இலும் எழுதிய இரண்டு தொகுதிகள். இரண்டாவது, ஹார்ப்பலினே உபகுடும்பத்தின் முதற்பகுதி மட்டுமே. ஆகையால் அந்தத் தொகுதிகளில் இல்லை என்பதற்காகப் புது இனம் என்று எண்ணிவிடக் கூடாது.

கோப்பாய், விஞ்ஞான ஆசிரியை: ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை எடுக்கும்போது பிள்ளைகள் உடைத்துவிடுகிறார்கள். சரியான முறை என்ன?

ரீச்சர், காய்ந்த வண்டில் நேரே ஊசி வைப்பதுதான் தவறு. கொதித்து இறக்கிய நீரில் 10 முதல் 30 நிமிடம் ஊறவிடுங்கள். கால் தானாக அசையும் பதம் வந்ததும், மிக மெல்லிய ஊசியின் நுனியைக் கொக்கிபோல வளைத்து, வயிற்றின் கடைசிக் கண்டத்தின் வழியே விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். தரை வண்டில் இந்த உறுப்பு உள்ளே பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். நேராக இருக்கிறதென்று நினைத்து இழுத்தால் நுனி முறியும், ஒப்பிட வேண்டியதே அந்த நுனிதான்.

எடுத்ததை 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் வைத்தால் ஒட்டியிருக்கும் தசை கரையும். சூடாக்கினால் சில நிமிடம், அறை வெப்பநிலையில் சில மணித்தியாலம். இடையிடையே பாருங்கள், கூட விட்டால் கண்ணாடிபோல வெளுத்து விளிம்பே தெரியாமல் போகும். பிறகு நீரில் கழுவி, ஒரு துளி வினாகிரி விட்ட நீரில் நனைத்து, கிளிசரீனில் வைத்துப் பார்க்கலாம். கரைசல் தோலையும் கண்ணையும் சுடும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மாணவரிடம் கொடுக்க வேண்டாம். வரையும்போது இடப்பக்கத் தோற்றமும் மேல் தோற்றமும் கட்டாயம். வரைந்து முடிந்ததும் கிளிசரீன் விட்ட சிறு குப்பியில் இட்டு, அதே வண்டு குத்திய ஊசியிலேயே குத்திவிடுங்கள். தனியாக வைத்த உறுப்பு எந்த வண்டினது என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது.

நல்லூர்: ஏன் மலை ஓடைகளில்தான் அடிக்கடி புது இனம் வருகிறது? எங்கட பக்கம் இல்லையோ?

குளிரும் தனிமையும்தான் காரணம். உயரம் 1000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கடல்மட்டத்தில் 28 பாகை என்றால் 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 16. அந்தக் குளிருக்குப் பழகிய வண்டுக்கு மலையடிவாரமே கடக்க முடியாத கடல். பல இனங்களுக்குப் பறக்கும் சிறகும் இல்லை. ஊறிய வண்டின் வன்சிறகை ஊசியால் தூக்கிப் பாருங்கள். முழுச் சிறகுள்ள இனத்தில் வயிற்றை மூடும் பெரிய சிறகு மடிந்திருக்கும். சிறகு குன்றியதில் அந்த இடத்தில் மீன் செதில் அளவுக்கு ஒரு துண்டு மட்டும். வன்சிறகின் தோள்மூலை சரிந்து உருண்டிருந்தால் தூக்காமலே ஐயப்படலாம். பறக்க முடியாத வண்டு பக்கத்து மலைக்குப் போகாது, காலப்போக்கில் மலைக்கு ஓர் இனமாகப் பிரியும். வடகோளக் குளிர்ப்பகுதிகளின் நெப்ரியா சாதியில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இது நன்றாகத் தெரிகிறது. ஓடைக்கரையிலும் பனி உருகும் விளிம்பிலும் இரவில் ஓடித்திரிந்து, நீர் ஒதுக்கிய பூச்சிகளைத் தின்னும் வண்டுகள் அவை.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. வெப்பம் கூடினால் அவை மேலேதான் ஏற வேண்டும், சிகரத்துக்கு மேலே இடமில்லை. எங்கள் பக்கம் மலை இல்லை. ஆனால் வழுக்கையாற்றின் ஈரக்கரையும் கடல்நீரேரி விளிம்பும் பார்க்க வேண்டிய இடங்களே.

சாவகச்சேரி: ஓடைக்கரையில் எப்படிப் பிடிப்பது?

கரையோரச் சரளைமேல் வாளியால் தண்ணீர் ஊற்றிவிட்டு அசையாமல் பாருங்கள். இடுக்கில் நீர் புகுந்தால் வண்டு மூச்சுக்கு மேலே வரும். விரலால் பிடித்தால் கால் கழலும், வாயால் உறிஞ்சி வண்டைக் குப்பிக்குள் இழுக்கும் உறிஞ்சு குழாய்தான் நல்லது. வாய்ப்பக்கக் குழாயில் வலைத்துணி கட்ட மறக்க வேண்டாம். பெருமழைக்குப் பின் இந்த முறை வாய்க்காது, வண்டுகள் மேட்டுக்கு நகர்ந்திருக்கும். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள், அடியிலுள்ள ஈரம்தான் அவற்றின் வீடு.

மரபணு ஆய்வுக்கென்றால் 95 சதவீத எதனோலில் போட்டு, ஒரு நாளில் எதனோலை மாற்றுங்கள். வண்டின் உடல்நீர் அதை நீர்த்துவிடும். ஆனால் 95இல் கிடந்த வண்டு விறைத்து முறியும். ஆகவே உருவம் பார்க்கச் சிலவற்றை வேறாக 70 சதவீதத்தில் வையுங்கள்.

ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு வண்டும் எடுக்கக் கூடாது. படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், அதுவே பெரிய உதவி.

மானிப்பாய், குடும்பத்தலைவி: கிணற்றடிக் கல்லைத் தூக்க, மஞ்சள் புள்ளி போட்ட கறுப்பு வண்டு ஒண்டு "பட்" எண்டு அடிச்சு, விரல் மண்ணிறமாப் போட்டுது. விசமோ?

பயப்பட வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வது குண்டுவீச்சு வண்டுக்குப் பொருந்துகிறது, அதுவும் தரை வண்டுதான். வயிற்றுக்குள் ஐதரோகுவினோனும் ஐதரசன் பேரொட்சைட்டும் நொதியத்தோடு கலந்து, கிட்டத்தட்ட 100 பாகையில் பீறி வரும். விரலிலுள்ள கறை குவினோனின் கறை, தோல் உரிய நாளடைவில் போய்விடும். கண்ணில் பட்டால் மட்டும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவி வைத்தியரிடம் காட்டுங்கள். கொல்ல வேண்டாம். இந்த வகையில் சில இனங்களின் புழுக்கள் பிள்ளைப்பூச்சியின் முட்டையைத் தின்று வளர்கின்றன.

உரும்பிராய்: அரிசிச் சாக்கில் வருகிற கறுப்பு வண்டும் தரை வண்டுதானோ?

இல்லை. பின்காலின் பாதக் கணுக்களை எண்ணுங்கள். தரை வண்டுக்கு மூன்று சோடிக் கால்களிலும் ஐந்து. சாக்கில் வரும் மா வண்டுகளின் குடும்பத்தில் பின்காலில் நான்குதான்.

பருத்தித்துறை: சேகரித்து வைத்தது மாரியில் பூஞ்சணம் பிடிக்கிறது. நப்தலீன் போட்டும் நிற்கவில்லை.

நப்தலீன் பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தை நிறுத்தாது. ஈரத்தைத்தான் எடுக்க வேண்டும். இறுக்கமாக மூடும் பெட்டிக்குள் நீல சிலிக்கா ஜெல் வையுங்கள், இளஞ்சிவப்பாக மாறினால் வெளியே எடுத்துச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். எறும்புக்கு, மேசைக்கால்களை நீர் விட்ட கிண்ணத்தில் நிறுத்தும் எங்கள் குசினி முறையே போதும்.

வண்டு பழுதானாலும் பரவாயில்லை, துண்டுச் சீட்டுப் பழுதாகக் கூடாது. பென்சிலாலோ அழியாத மையாலோ எழுதுங்கள், போல்பொயின்ற் மை எதனோலில் கரைந்துவிடும். நாடு, மாவட்டம், இடம், ஆள்கூறு, உயரம், திகதி, எடுத்தவர் பெயர், "ஓடையிலிருந்து அரை மீற்றர், ஈரச் சரளையின் கீழ்" என்பதுபோல வாழிடம். மாதத்தை உரோம எண்ணில் போடுவது வழக்கம். 03.05 என்று எழுதினால் மார்ச்சா மே மாதமா என்று ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர் தடுமாறுவார்.