சக்கரத்துக்கு போர்டு கிடையாது

கேள்வி: போன ஆண்டு செப்டம்பரில் (2025) காபூலிலிருந்து விமானச் சக்கரத்துக்குள் ஒளிந்துகொண்டு ஓசியிலேயே டெல்லி வந்து இறங்கினானே, 13 வயது ஆப்கன் பையன். இந்த வயதில் பயம் என்பதே இருக்காதா? (வாசகர், விருதுநகர்)

பதில்: ‘ஓசி’யைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் புழங்குங்கள் ஐயா. 2022இல் மகளிர் இலவசப் பேருந்தோடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பேசிய ஓர் அமைச்சர், கடைசியில் வருத்தம் தெரிவித்துத்தான் மீண்டார். நீங்கள் அதை விமானத்திலேயே ஏற்றிவிட்டீர்கள். ஏற்றியது ஏற்றியதாக இருக்கட்டும், ஓசிப் பயணிக்கு என்னென்ன வசதி என்று பார்த்துவிடலாம்.

முதல் உபசாரம் சக்கரம். விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்ததும், டன் கணக்கில் கனக்கும் சக்கரத் தொகுதி ஹைட்ராலிக் அழுத்தத்தில் மடங்கி உள்ளே வரும். அந்த அறை சக்கரத்துக்காக அளந்து கட்டியது. மிச்சமிருக்கும் சந்தில் உடம்பை ஒடுக்கியவன் தப்பினான், மற்றவன் நசுங்கினான். கதவு திறக்கும்போதே கீழே போகிறவர்களும் உண்டு. 1970இல் சிட்னியில், டோக்கியோ விமானத்தில் ஏறி ஒளிந்த 14 வயதுப் பையன் அப்படித்தான் விழுந்தான். விமான நிலையத்தில் லென்ஸைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருவரின் கேமராவில் அவன் விழுவது பதிவாகியிருந்தது. ஃபிலிமைக் கழுவும் வரை அவருக்கே அது தெரியாது.

அடுத்து காற்று. நாம் உட்காரும் அறைக்குள் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரிய அழுத்தத்தைப் பம்ப் செய்து வைத்திருப்பார்கள். சக்கர அறைக்கு அது கிடையாது. 18,000 அடியில் காற்றழுத்தம் பாதி, 35,000 அடியில் ஏறக்குறைய கால்வாசி. 25,000 அடியில் ஆக்சிஜன் இல்லாதவனுக்கு நிதானம் இருப்பது மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். 35,000 அடியில் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் குளிர் ஏறி, மேலே மைனஸ் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓடிவந்த டயரின் சூடும் ஹைட்ராலிக் குழாய்களின் சூடும் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

பிறகு எப்படிச் சிலர் பிழைக்கிறார்கள்? குளிர்தான் சில சமயம் காப்பாற்றுகிறது. உடல் வெப்பம் மளமளவென இறங்கும்போது மூளைக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவும் குறைந்துவிடுகிறது. மயக்கத்திலேயே போய், விமானம் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி விழிக்கிறார்கள். இதை நம்பி யாரும் கிளம்ப முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1947 முதல் எடுத்துவரும் கணக்கில் சுமார் 130 பேர்; முக்கால்வாசிக்கு மேல் இறந்துவிட்டார்கள். பிழைத்தவனும் மயக்கம் தெளியாமல் கிடந்தால், தரையிறங்கச் சில மைல் இருக்கும்போது கதவு திறக்கும், விழுவான். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் விமானப் பாதைக்குக் கீழே இருக்கும் ரிச்மண்ட், கிளாபம் பகுதிவாசிகளுக்கு இது தெரிந்த சங்கதி. உங்கள் ஓசியின் கட்டண விவரம் இது.

இன்னொரு குறையும் உண்டு. டவுன் பஸ்ஸிலாவது போர்டு இருக்கும். சக்கரத்துக்கு போர்டு கிடையாது. நீங்கள் கேட்ட பையன் (ஆப்கனின் குந்தூஸ் ஊர்க்காரன்) போக நினைத்தது ஈரானுக்கு என்கின்றன செய்திகள். 94 நிமிடத்தில் வந்து சேர்ந்தது டெல்லி. 2014இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு சோமாலியச் சிறுவன், எத்தியோப்பிய அகதி முகாமில் இருந்த அம்மாவைப் பார்க்க வேலி தாண்டிச் சக்கரத்தில் ஏறினான். ஐந்தரை மணி நேரம் கழித்து இறங்கியது ஹவாய், பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவே. அம்மா இருந்த திசைக்கு நேர் எதிர். இவர்களாவது கிளம்பினார்கள். 2023 ஜனவரியில் சிட்டகாங்கில் கண்ணாமூச்சி ஆடப்போய் கன்டெய்னருக்குள் ஒளிந்த பையனுக்குக் கிளம்பும் உத்தேசமே இல்லை. ஆறு நாள் கழித்து, காய்ச்சலோடு, மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கதவு திறந்தது. அதற்கப்புறமும் அவனைக் கண்டுபிடித்ததாக விளையாட்டில் கணக்கு வைத்தார்களா என்று தெரியவில்லை.

பயம் இருக்காதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. தெரிந்ததற்கு மட்டும்.

2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பரிசுச் சீட்டு விளையாட்டில் உட்காரவைத்தார்கள். பையில் சிவப்புச் சில்லு எத்தனை, நீலச் சில்லு எத்தனை என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் பெரியவர்களைவிட உஷார். எண்ணிக்கையை அரைகுறையாக மறைத்துவிட்டால் பெரியவர்கள் பின்வாங்குகிறார்கள், பிள்ளைகள் துணிகிறார்கள். ஆபத்தை விரும்புவதல்ல இது, ஆபத்தின் அளவு தெரியாமல் இருப்பதைச் சகித்துக்கொள்வது.

இதற்கு மனதை அறுக்கும் சாட்சி 1999இல் கிடைத்தது. கினி நாட்டின் கொனாக்ரியிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போன விமானத்தின் சக்கர அறையில், ஐரோப்பியத் தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தோடு 14, 15 வயதுச் சிறுவர்கள் இருவர் இறந்துகிடந்தார்கள். உடலில் பேன்ட் மேல் பேன்ட், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். பையில் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மதிப்பெண் பட்டியல். மேலே குளிரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தயாராகித்தான் போனார்கள். காற்று இருக்காது என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை.

இருவராகப் போனதையும் பாருங்கள். 1996இல் டெல்லியிலிருந்து லண்டனுக்கு இப்படிப் போனவர்களும் பஞ்சாப் அண்ணன் தம்பி; தம்பி பிழைக்கவில்லை. உளவியல் ஆய்வாளர்கள் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடியபோது ஒழுங்காக பிரேக் போட்ட 13–16 வயதுக்காரர்கள், நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் மஞ்சள் விளக்கைத் தாண்டினார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் காணோம். கூட ஒருவன் இருந்தால் ‘வேண்டாம்’ என்று முதலில் சொல்வது யார் என்பதே அங்கே பிரச்சினை.

இப்போது என் பழைய பகையாளிகளிடம் வருகிறேன்: தலைப்பு எழுதும் நாளிதழ் நண்பர்கள். ‘அதிசயச் சிறுவன்’, ‘திகில் சாகசம்’, ‘உயிரோடு வந்தான்’. பையில் எத்தனை சிவப்பு என்பதை மறைக்கும் வேலையை இந்தத் தலைப்புகள்தான் செய்கின்றன. பிழைத்தவன் முதல் பக்கத்தில், நசுங்கியவன் பதினோராம் பக்கத்தில் நாலு வரி. அடுத்து ஓடப்போகிறவன் படிப்பது முதல் பக்கத்தைத்தான். செய்தியோடு ஒரு கட்டம் போட்டு, எந்த உயரத்தில் எத்தனை நிமிடம் நிதானம் என்று அச்சடித்தால் காசா பணமா? ‘பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது’ என்று ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் சொன்னார்கள். அந்தச் சேனல் மாலை முழுக்க ஓட்டியது பேய்த் தொடர்.

டெல்லிப் பையனை விசாரித்து அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் ஓடுவது ரயிலில். ரயில்வே பாதுகாப்புப் படை 2018 தொடங்கி 2024 மே வரை 84,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை நிலையங்களிலும் ரயில்களிலும் மீட்டிருக்கிறது. இவர்களைப் பற்றித் தலைப்பு கிடையாது. நடைமேடையில் தனியாக, பள்ளிப் பையோடு, எந்த ரயில் வந்தாலும் எழுந்து பார்க்கிற பையன் கண்ணில் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகள் நலக் குழு முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அங்கே முதல் கேள்வி ‘வீடு எங்கே’ என்பதாக இருக்கக் கூடாது, ‘என்ன நடந்தது’ என்பதாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணா, அடியா, வீட்டில் தொல்லையா என்று தெரியாமல் அதே வாசலில் கொண்டுபோய் விட்டால், அவன் திரும்பவும் கிளம்புவான். இந்த முறை தப்பு எங்கே நடந்தது என்று தெரிந்துகொண்டு.