புதுத் தீம் பார்க் பகுதி கட்டுவதைக்கூட ரசிகர்கள் வருஷக்கணக்கில் பின்தொடர்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஜேசிபி பள்ளம் தோண்டினாலே நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் எழுந்து வரப்போகிறது என்று தெரிந்தால் நாலு வருஷம் நிற்க மாட்டார்களா?

கேள்வியில் லேசான கிண்டல் தெரிகிறது, இருக்கட்டும். நான் கலிஃபோர்னியாவில் அனஹைம் பக்கம் குடியிருப்பவன். டிஸ்னிலேண்டின் ஸ்டார் வார்ஸ் பகுதியான கேலக்ஸிஸ் எட்ஜ் தரைமட்டத்திலிருந்து எழும்பியதை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

2015 ஆகஸ்டில் டி23 என்ற டிஸ்னி ரசிகர் மாநாட்டில் அறிவித்தார்கள். 14 ஏக்கர். அதுவரை டிஸ்னிலேண்ட் ஒரே மூச்சில் இவ்வளவு பெரிய பகுதியைச் சேர்த்ததில்லை. 2016 ஜனவரியில் பிக் தண்டர் ராஞ்ச் என்ற பழைய பண்ணைப் பகுதியை மூடினார்கள். பூங்காவைச் சுற்றி ஓடும் நீராவி ரயிலையும், ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற செயற்கை ஆற்றில் ஓடும் படகுகளையும் நிறுத்தினார்கள். ஏப்ரலில் வேலை தொடங்கியது. 2019 மே 31 அன்று திறந்தார்கள்.

இதில் முதல் சிக்கல், எங்கிருந்து பார்ப்பது என்பது. டிஸ்னிலேண்டுக்கு மேல் 2003 முதல் விமானக் கட்டுப்பாடு இருக்கிறது. சுற்றிலும் 3 கடல் மைல் தூரத்துக்கு, 3,000 அடிக்குக் கீழே சிறு விமானமோ ஹெலிகாப்டரோ சும்மா வட்டமடிக்க முடியாது. ட்ரோனுக்கும் இடமில்லை. அதனால் வானிலிருந்து படம் எடுப்பவர்கள் அந்த உயரத்துக்கு மேலே பறந்து, நீளமான லென்ஸ் போட்டுத்தான் எடுப்பார்கள். ஹெலிகாப்டருக்கு வசதியில்லாத எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த வரம் மிக்கி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் பார்க்கிங் கட்டடம். பத்தாயிரத்துச் சொச்சம் கார்கள் நிற்கும் கட்டடம் அது. அதன் மொட்டை மாடியில் போய் நின்றால் எதிரே மொத்தக் கட்டுமானமும் விரிந்து கிடக்கும். டிஸ்னி எத்தனையோ வேலி போட்டது, திரை கட்டியது. ஆனால் தன் சொந்த பார்க்கிங்கின் மாடியை என்ன செய்ய முடியும்? வருகிற காரையெல்லாம் எங்கேயாவது நிறுத்தியாக வேண்டுமே.

அங்கே சாயங்காலம்தான் போக வேண்டும். காலையில் வெயில் எதிரே இருந்து கண்ணில் அடிக்கும். மாலையில் முதுகுப் பக்கம் இறங்குவதால் பாறைகள் முழு வெளிச்சத்தில் இருக்கும். கைப்பிடிச் சுவர் ஓரமாக ட்ரைபாடோடு சிலர், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சிலர், பூங்காவுக்குள் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்கிற சிலர். பேர் தெரியாதவர்கள்தான், ஆனாலும் பேச்சு தானாகத் தொடங்கிவிடும். "அந்த வலது பக்கக் கிரேன் புதுசா?" என்று கேட்டால் போதும்.

பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு இருப்பதிலேயே ருசியான கட்டம் அதுதான். கேலக்ஸிஸ் எட்ஜ் கதைப்படி பாட்டூ என்ற கிரகத்தில் இருக்கிறது. கல்லாகிப்போன ராட்சத மரங்களின் அடிமரங்கள்தான் அங்கே தெரியும் கூம்புகள். நிஜத்தில் முதலில் வருவது சாதாரண இரும்புத் தூண்கள். ஏதோ கிடங்கு கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். அப்புறம் கம்பிகளைக் கணினி வரைபடத்தின்படி வளைத்துப் பின்னிய கூடுகள் வரும். ஒவ்வொன்றையும் கிரேன் தூக்கி, தூணில் அதற்குரிய இடத்தில் மாட்டுவார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் பென்சிலால் காற்றில் மலை வரைந்த மாதிரி இருக்கும், ஊடே வானம் தெரியும். அடுத்து வலை, அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். அது இறுகுவதற்குள் ஆட்கள் சாரத்தில் ஏறிக் கரண்டியையும் கையையும் வைத்துச் செதுக்குவார்கள். வெடிப்பு, வரி, நீர் வழிந்த தடம் எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் கையால் வருவதுதான். பிறகு பல நாள் ஒரே சாம்பல் நிறம், செத்தது போலக் கிடக்கும். கடைசியில் சாயம் பூசுகிறவர்கள் வருவார்கள். அடர்ந்த நிறம், அதன்மேல் நீர்த்த நிறம், மறுபடி அடர்ந்த நிறம். ஒரு மாதம் கழித்துப் போனால் அது கான்கிரீட் என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர் நம்ப மாட்டார். உச்சிக்குப் போகப் போக அளவுகளைச் சின்னதாக்கி, உயரம் கூடுதலாகத் தெரியும்படி கண்ணை ஏமாற்றுகிறார்கள் என்பதும் மாடியிலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். உள்ளே தரையில் நிற்பவர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து ஏமாறத்தான் வேண்டும்.

இன்னொரு காட்சி. ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் சவாரிக்குள் முழு அளவில் இரண்டு ஏடி-ஏடி நடை இயந்திரங்கள் நிற்கின்றன. கதவு வழியாக உள்ளே கொண்டுபோகிற சாமானா அது? அதனால் முதலில் அவற்றை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் சுவரும் கூரையும் எழுப்பினார்கள். 2017ல் கொஞ்ச காலம், அரைகுறை இரும்புக் கட்டடத்துக்குள் இரண்டும் திறந்தவெளியில் நின்றதைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். இப்போது உள்ளே போனால் இருட்டும் புகையும் லேசர் வெளிச்சமும்தான்.

மாடியில் நின்று பார்ப்பது ஒரு வகை என்றால், காகிதத்தைப் பார்ப்பது இன்னொரு வகை. சில ரசிகர்கள் பூங்காவுக்கே போக மாட்டார்கள், ஆவணங்களில் குடியிருப்பார்கள். டிஸ்னியின் இன்னொரு பூங்கா வளாகமான டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஃப்ளோரிடாவில், கட்டட வேலை தொடங்கும் முன் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் ஓர் அறிவிப்பைப் பதிய வேண்டும். எந்த ஒப்பந்ததாரர், எந்த முகவரி என்று அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மழைநீர் எங்கே வடியும் என்று நீர் மேலாண்மை அமைப்பிடம் கொடுக்கும் வரைபடத்தில் கட்டடத்தின் வெளிக்கோடு அப்படியே இருக்கும். உயரமான கிரேன் நிறுத்த வேண்டுமென்றால் விமானப் போக்குவரத்துத் துறையிடம் சொல்ல வேண்டும், அதுவும் பொதுப் பதிவு. காப்புரிமை விண்ணப்பங்கள் வேறு. 200 அடியைத் தாண்டினால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கு வைக்கச் சொல்வார்கள் என்பதால்தான் டிஸ்னி வேர்ல்டின் எவரெஸ்ட் சவாரிக்கான செயற்கை மலை 199 அடிச் சொச்சத்தில் நிற்கிறது. இமயமலை உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கினால் நன்றாகவா இருக்கும்?

இப்படித் துருவுவதற்கு ஒரு பாட்டி உண்டு, எமிலி பாவர். 1965ல் ஒர்லாண்டோ பக்கம் யாரோ பெயர் சொல்லாமல் 27,000 ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கிக் குவித்தார்கள். யார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. ஒர்லாண்டோ சென்டினல் பத்திரிகையைச் சேர்ந்த பாவர், டிஸ்னிலேண்டுக்குப் போன இடத்தில் வால்ட் டிஸ்னியிடமே நேராகக் கேட்டார். அவர் இல்லை என்றார். ஆனால் இல்லை என்பதற்குக் காரணம் அடுக்கும்போது மத்திய ஃப்ளோரிடாவைப் பற்றி அளவுக்கு மீறித் தெரிந்து வைத்திருந்தார். பாவர் ஊகித்துவிட்டார். அந்த அக்டோபர் 24ஆம் தேதி அவர் பத்திரிகை அது டிஸ்னிதான் என்று முதல் பக்கத்தில் போட்டது, மறுநாளே ஆளுநர் உறுதிசெய்தார்.

சரி, நிறுவனங்களுக்கு இது தொல்லையா என்றால், வெளியே முகம் சுளிப்பார்கள், உள்ளுக்குள் சந்தோஷம்தான். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரே வால்ட் டிஸ்னி. 1954 அக்டோபரில் ஏபிசி தொலைக்காட்சியில் வாராந்திர நிகழ்ச்சி தொடங்கி, ஆரஞ்சுத் தோப்பை வெட்டி டிஸ்னிலேண்ட் கட்டுவதை அவ்வப்போது அதில் காட்டினார். அந்தத் தொலைக்காட்சியும் பூங்காவில் பணம் போட்டிருந்தது. 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது நாடே அதைப் பாதி பார்த்து முடித்திருந்தது. ஃப்ளோரிடாவில் இன்னும் ஒரு படி மேலே. 1970 ஜனவரியில், பூங்கா திறக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே, வரப்போவதன் மாதிரியையும் படங்களையும் காட்ட ஒரு முன்னோட்ட மையம் திறந்தார்கள். பூங்கா திறப்பதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போனார்கள்.

சமீபத்திய உதாரணம் வேண்டுமென்றால் ஒர்லாண்டோவில் யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ். 2019 ஆகஸ்டில் பூங்கா வருகிறது என்று மட்டும் அறிவித்தார்கள். 2020ல் கொரோனாவால் வேலை நின்றது, 2021 மார்ச்சில் மறுபடி தொடங்கியது. உள்ளே இருக்கும் ஐந்து உலகங்கள் எவை என்று முறையாகச் சொன்னது 2024 ஜனவரியில்தான். அதற்குள் வான்வழிப் படங்களைப் பார்த்தே ரசிகர்கள் எந்த மூலையில் நின்டெண்டோ, எந்த மூலையில் ஹாரி பாட்டர் என்று பிரித்து மேய்ந்திருந்தார்கள். நிறுவனம் முறைப்படி அறிவித்தபோது, "அது தெரிந்த கதைதானே, கழிவறை எங்கே வருகிறது என்று சொல்லுங்கள்" என்கிற மனநிலை.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கட்டுமானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம்தான் கடைசியில் பூங்காவைத் தீர்மானிக்கிறது. கேலக்ஸிஸ் எட்ஜின் ஒவ்வொரு போல்ட்டும் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் 2017 டி23 மாநாட்டில், ஃபால்கன் சவாரியில் விண்கலத்தை நன்றாக ஓட்டினால் கூடுதல் சன்மானம், அடிபட்டுக் கொண்டுவந்தால் கூலிக்குக் கொல்பவனின் பட்டியலில் உங்கள் பெயர், பக்கத்து மதுக்கடைக்குப் போனால்கூட வம்பு வரும் என்றெல்லாம் சொன்னார்களே, திறந்தபோது அது அப்படி நடக்கவில்லை. கிரேனைக் குறைத்தால் மாடியிலிருந்து தெரியும். ஆட்களையும் நடிகர்களையும் நிகழ்ச்சிகளையும் குறைத்தால் எந்த வான்படத்தில் தெரியும்? கூட்டமும் அப்படித்தான். திறப்பு நாளில் ஊரே ஸ்தம்பிக்கும் என்று எல்லோரும் பயந்தோம். பயந்தவர்கள் எல்லாம் வராமல் இருந்துவிட்டார்களோ என்னவோ, அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 3% குறைந்தது. பெரிய சவாரியான ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸும் அப்போது தயாராகவில்லை. அனஹைமில் அது 2020 ஜனவரியில்தான் வந்தது.

வேலியில் ஏறுகிறவர்கள், ஊழியர் வாசலில் நுழைகிறவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டமும் உண்டு. அவர்களை நான் ரசிகர் கணக்கில் சேர்ப்பதில்லை.

"இதெல்லாம் தெரிந்துவிட்டால் உள்ளே போகும்போது மாயம் கெட்டுவிடாதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. பாறைக்குப் பின்னால் இருப்பது தட்டையான, சன்னல் இல்லாத தகரப் பெட்டி என்று தெரியும். பூங்காவின் ஃப்ராண்டியர்லேண்ட் பகுதியை ஒட்டிய வழியாக உள்ளே நுழைந்து திரும்பினால் அந்தப் பெட்டியை எங்கே தேடினாலும் காணோம். எந்தப் பாறை எந்தக் கூரையை மறைக்கிறது, எந்த மரத்தை எதற்காக அங்கே நட்டார்கள் என்று ஒவ்வொன்றாக உறைக்கும்போது, தெரியாதவரைவிட இரண்டு மடங்கு அசந்து போகிறேன். ரயிலும் அப்படித்தான். புதுப் பகுதிக்கு இடம் விட ஆற்றின் வடக்குக் கோடியைச் சுருக்கினார்கள், தண்டவாளத்தை மாற்றிப் போட்டார்கள். 1955 முதல் வலப்பக்கமாகவே திரும்பி வந்த ரயில், 2017 ஜூலையில் மறுபடி ஓடியபோது முதன்முறையாக இடப்பக்கம் திரும்பியது. அந்த வளைவில் சும்மா உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு நடுவே ரசிகன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நீங்கள் பார்க்க ஆசைப்பட்டால் இப்போது போக வேண்டிய இடம் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்கா. அங்கிருந்த ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கும் டாம் சாயர் தீவுக்கும் 2025 ஜூலை 6 கடைசி நாள். அந்த இடத்தில் கார்ஸ் படத்தை ஒட்டிய பகுதி வருகிறது. ஆறு போகிறதே என்று அழுதவர்களில் பாதிப் பேர் இப்போது எத்தனை லாரி மண் கொட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். போனால் வேலியில் ஒட்டியிருக்கும் விளம்பரப் படத்தோடு நின்றுவிடாதீர்கள், அது எல்லோருக்கும் காட்டுவதற்காக வைத்தது. மேலே வளைத்த கம்பிக் கூடு ஏறத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் பீய்ச்சுவதும் செதுக்குவதும் வெகு தூரத்தில் இல்லை, அந்தச் சமயத்துக்கு இன்னொரு டிக்கெட் போட்டு வையுங்கள்.