50 ஆட்டங்களில் 19 வெற்றி: 2019 வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் தொடக்கம் குறித்த கேள்வி பதில்

2019 மே 23 அன்று அமெரிக்க பேஸ்பால் அணியான வாஷிங்டன் நேஷனல்ஸின் கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. அதே அணி அக்டோபர் 30 அன்று ஹூஸ்டனில் பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரின் கோப்பையைக் கையில் ஏந்தியது. அந்த அணியைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில், அந்தத் தொடக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். 50 ஆட்டங்களில் 31 தோல்வி என்றால் அந்த அணியின் கதை முடிந்துவிட்டது என்றுதானே யாரும் சொல்வார்கள்?

பதில்: ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள்தான் என்பதால், அங்கே நான்கு ஆட்டங்கள் தோற்றாலே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மிகச் சிறந்த அணிகூட அதில் ஐம்பது, அறுபது ஆட்டங்கள் தோற்கும். 2001ஆம் ஆண்டு சியாட்டில் மரைனர்ஸ் 116 ஆட்டங்களை வென்று பெரும் சாதனை படைத்தபோதும் 46 முறை தோற்றது. மே 23 அன்று நேஷனல்ஸுக்கு இன்னும் 112 ஆட்டங்கள் மீதமிருந்தன. அவற்றில் 74ஐ வென்று, 93 வெற்றி, 69 தோல்வி என்று அந்தப் பருவத்தை முடித்தது.

கேள்வி: அப்படியானால் முதல் 50 ஆட்டங்களில் நடந்தது வெறும் துரதிர்ஷ்டமா?

பதில்: பலர் அப்படிச் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. 93 வெற்றி பெறும் தரமுள்ள அணி சராசரியாக 50 ஆட்டங்களில் 28 அல்லது 29ஐ வெல்ல வேண்டும். நாணயம் சுண்டுவதைப் போன்ற ஏற்ற இறக்கம் 50 ஆட்டங்களில் மூன்று நான்கு வெற்றிகள் வரை முன்பின்னாக இருப்பது சாதாரணம், ஏழு வரை இருப்பதும் உண்டு. ஏறத்தாழ பத்து வெற்றிகள் குறைவது அந்த எல்லையைத் தாண்டியது. ஆகவே அதிர்ஷ்டத்துக்கு வெளியே வேறு காரணங்கள் இருந்தே ஆக வேண்டும். காயங்களும் புல்பென்னும்தான் அந்தக் காரணங்கள்.

கேள்வி: புல்பென் என்பது என்ன? எல்லோரும் அதையே குறை சொல்கிறார்களே.

பதில்: ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் (பந்து வீசுபவர்), ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து, ஆறு வீசிக் களைத்த பிறகு, அவரிடமிருந்து பந்தை வாங்கி மீதியை முடித்துவைக்கும் மாற்று பிட்சர்களின் (ரிலீவர்கள்) கூட்டமே புல்பென். 2019 நேஷனல்ஸில் மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், ஆறு ஆண்டுகளுக்கு 140 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வந்த பேட்ரிக் கார்பின் என்று தொடக்க பிட்சர்கள் எந்த அணியும் பொறாமைப்படும் தரத்தில் இருந்தார்கள். அவர்கள் கட்டிக் காத்த ஆட்டத்தைப் பின்னால் வந்தவர்கள் கைநழுவ விட்டார்கள். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பிய டிரெவர் ரோசென்தால் தமது முதல் நான்கு ஆட்டங்களில் ஒருவரைக்கூட அவுட் ஆக்க முடியவில்லை. ஜூனில் அணி அவரை விடுவித்தது.

இதைக் கண்ணால் காண விரும்பினால் மே 22 அன்று நியூயார்க்கில் மெட்ஸுக்கு எதிராக நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். ஷெர்சர் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸிலும் நேஷனல்ஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. மூன்று பேஸ்களிலும் (ஓடுபவர் நிற்கும் இடங்கள்) ஆள் இருந்தபோது மெட்ஸின் ஹுவான் லகாரஸ் அடித்த டபுளில் (இரண்டு பேஸ் கடக்கும் அடி) மூவரும் ஓடி வந்துவிட்டார்கள். அடுத்து, அன்றுதான் கீழ்நிலையான மைனர் லீகிலிருந்து அழைக்கப்பட்டு, வாடகைக் காரில் பயணம் செய்து, ஆட்டம் தொடங்கிய பிறகே மைதானத்துக்கு வந்து சேர்ந்த ரஜாய் டேவிஸ், நேஷனல்ஸின் மிக நம்பகமான ரிலீவரான ஷான் டூலிட்டிலின் பந்தில் மூன்று ரன் தரும் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே விழும் அடி) அடித்தார். முடிவு 6-1. மறுநாளும் அதே எட்டாவது இன்னிங்ஸில் கார்லோஸ் கோமஸின் ஹோம் ரன்னில் ஆட்டம் பறிபோயிற்று. அந்த இரண்டு ஆட்டங்களிலும் நான் நம்பிக்கை இழந்துதான் தொலைக்காட்சியை அணைத்தேன்.

கேள்வி: காயங்கள் என்றீர்களே, எல்லா அணிக்கும் காயம் வருகிறதே?

பதில்: வருகிறது; ஆனால் ஒரே ஆறு வாரத்தில் இத்தனை பேருக்கு வருவது அரிது. ஏப்ரல் 2 அன்று, நேஷனல்ஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாறிய நட்சத்திரம் பிரைஸ் ஹார்ப்பர் முதன்முறையாகப் பழைய மைதானத்துக்குத் திரும்பிய அதே மாலையில், ஷார்ட்ஸ்டாப் (உள்வட்ட ஃபீல்டர்) டிரே டர்னர், பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் செய்ய முயன்றபோது பந்து பட்டு அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் முறிந்தது. அவர் மே மத்தியில்தான் திரும்பினார். ஆண்டனி ரெண்டன், ஹுவான் சோட்டோ, ரயன் சிம்மர்மன் ஆகியோரும் அதற்கிடையே வெளியே அமர்ந்தார்கள். ஒரு வெற்றியும் இல்லாமல் ஆறு தோல்விகளுடன் காயமுற்ற பிட்சர் அனிபல் சான்செஸ், மே இறுதியில் திரும்பி வந்து பருவத்தைத் தம் பெயரில் 11 வெற்றி, 8 தோல்வியுடன் முடித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: களத்தில் அணியை நடத்திய மேனேஜர் டேவ் மார்ட்டினஸை அப்போதே நீக்கியிருக்க வேண்டாமா?

பதில்: அப்படிக் கேட்டவர்கள் ஏராளம். முந்தைய ஆண்டு அவருடைய கணக்கு 82 வெற்றி, 80 தோல்வி மட்டுமே. மே தொடக்கத்தில் பிட்சிங் பயிற்சியாளர் மாற்றப்பட்டார். ஆனால் ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ மார்ட்டினஸைத் தொடவில்லை, நட்சத்திரங்களை விற்கவும் இல்லை. ஜூலை 31 அன்று டேனியல் ஹட்சன் உள்ளிட்ட ரிலீவர்களை வாங்கி, ஓட்டை எங்கே இருந்ததோ அங்கேயே அடைத்தார். பழியைச் சுமக்க ஓர் ஆளைத் தேடாமல் பழுதைத் தேடியதுதான் அந்த நிர்வாகத்தின் பெருமை என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: தொடக்கத்தில் தடுமாறும் அணியில் எதைப் பார்த்தால் எதிர்காலத்தை ஊகிக்கலாம்?

பதில்: வெற்றி தோல்வியைவிட, எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் பாருங்கள். பில் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் தந்த எளிய கணக்கு ஒன்று உண்டு: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 250 ரன் எடுத்து 200 கொடுத்த அணிக்கு விடை 0.61 வரும், 162 ஆட்டங்களுக்கு அது சுமார் 99 வெற்றி. அதன் பிறகு, ரன்களைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். தொடக்க பிட்சர்களே அடிவாங்கினால் பருவத்தின் நடுவில் மாற்று தேடுவது கடினம். ரிலீவர்கள் என்றால் ஒன்றிரண்டு பேரை வாங்கிச் சமாளிக்கலாம்.

கேள்வி: ஆனால் நேஷனல்ஸின் புல்பென் கடைசிவரை திருந்தவே இல்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான். முழுப் பருவத்தில் அவர்கள் கொடுத்தது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.66 ரன். ஆனால் அக்டோபரில் நடக்கும் பிளே-ஆஃபில் ஓய்வு நாட்கள் அதிகம் என்பதால், நம்பத்தக்க ஐந்தாறு பேரை வைத்தே ஆட்டத்தை நடத்திவிடலாம். மில்வாக்கிக்கு எதிரான வைல்டு கார்டு ஆட்டத்தில் (பிளே-ஆஃபின் முதல் படி) ஸ்ட்ராஸ்பர்க்கும், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கார்பினும் ரிலீவர்களாக வந்து ஆளுக்கு மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார்கள்.

கேள்வி: நல்ல தொடக்கமாவது நம்பத்தக்கதா?

பதில்: முழுமையாக அல்ல. 1984இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40 ஆட்டங்களில் 35ஐ வென்று கோப்பைவரை சென்றது. 2023இல் முதல் 13 ஆட்டங்களையும் வென்ற டாம்பா பே ரேஸ், 99 வெற்றிகளுடன் பிளே-ஆஃபுக்கு வந்து டெக்சஸிடம் இரண்டே ஆட்டங்களில் வெளியேறியது. அதே ஆண்டு 20-8 என்று தொடங்கிய பிட்ஸ்பர்க் 76-86 என்று முடித்தது.

கேள்வி: கோப்பையை வென்ற அணி 2020இலும் மோசமாகத் தொடங்கியது. அப்போதும் பொறுத்திருக்கலாம் என்று சொல்லியிருப்பீர்களா?

பதில்: இல்லை. கொரோனாவால் அந்தப் பருவமே 60 ஆட்டங்களாகச் சுருங்கியது. மீண்டெழ 112 ஆட்டங்கள் கிடைக்கவில்லை. ரெண்டன் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போய்விட்டார், சிம்மர்மன் ஆட வேண்டாமென்று விலகினார், ஸ்ட்ராஸ்பர்க் கை நரம்புப் பிரச்சினையால் இரண்டே ஆட்டங்களில் வீசினார். 2019 மே மாதத்தில் வெளியே அமர்ந்திருந்தவர்கள் திரும்பி வரப்போகிறவர்கள். 2020இல் இல்லாதவர்கள் அந்த ஆண்டு வரவே இல்லை. அணி 26 வெற்றி, 34 தோல்வியுடன் முடித்தது.