உருகுநிலை உயர்ந்தும் உறைகள் ஏன் சிதைகின்றன?

கேள்வி: கோமாரி நோய் வைரஸின் வெற்று உறைகளை, அதாவது உள்ளே ஆர்என்ஏ இல்லாத புரதத் துகள்களை, தயாரித்து வருகிறேன். சைப்ரோ ஆரஞ்சு சாயம் சேர்த்து ரியல்-டைம் பிசிஆர் கருவியில் சூடேற்றியபோது, புரதத்தில் ஒரு மாற்றம் செய்த மாற்றுரு, மூல வடிவத்தைவிட 4 டிகிரி அதிக உருகுநிலை (புரதம் குலையும் வெப்பநிலை) காட்டியது. ஆனால் குளிர்பெட்டியில் 3 வாரம் வைத்த பிறகு அதில்தான் முழுத் துகள்கள் குறைவாக இருக்கின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டு அளவீடுகளும் சரியாகவே இருக்கலாம். அவை அளப்பது வேறு வேறு விஷயங்களை.

புரதத்துக்குள் மறைந்திருக்கும், தண்ணீரோடு சேராத பகுதிகள் வெளிப்பட்டால்தான் சைப்ரோ ஆரஞ்சு ஒளிரும். ஆகவே அது காட்டுவது புரத மடிப்பு அவிழ்வதை. உங்கள் உறை 12 பென்டமர்கள், அதாவது ஐந்தைந்து அலகுகள் கொண்ட புரதக் கட்டுகள், சேர்ந்து உருவானது. மடிப்பு குலையாமலே அவை ஒன்றை விட்டு ஒன்று விலகிவிடலாம். அந்த விலகலைச் சாயம் தவறவிட வாய்ப்பு அதிகம். இன்னொன்று, சூடேற்றிக் கெடுத்த உறை குளிர்ந்தால் திரும்பச் சேர்வதில்லை. எனவே கிடைக்கும் உருகுநிலை, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்து நகரும். ஒரே வேகத்தில் ஓட்டிய மாதிரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். அதை வைத்து சேமிப்புக் காலத்தைக் கணிக்காதீர்கள்.

பஃபர், அதாவது பிஎச்-ஐ நிலையாக வைக்கும் கரைசல், எது என்று நீங்கள் எழுதவில்லை. ட்ரிஸ் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ட்ரிஸின் பிஎச் சுமார் 0.028 இறங்கும். 25 டிகிரியில் பிஎச் 7.6 என்று சரிசெய்தது 60 டிகிரியில் 6.6 ஆகிவிடும். கோமாரி வைரஸ் உறை பிஎச் 6.5-ஐ ஒட்டியே கலையத் தொடங்குவது. அப்படியானால் நீங்கள் வெப்பத்தையும் அமிலத்தையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். பாஸ்பேட் பஃபரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மாதிரியில் டிடர்ஜென்ட் இருந்தாலும் சாயம் அதிலேயே ஒளிர்ந்துவிடும். அப்போது சாயத்தை விட்டுவிட்டு, புரதத்தில் உள்ள ட்ரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வை 330, 350 நானோமீட்டரில் அளந்து விகிதம் பாருங்கள்.

சரி, உறை பிரிவதை எப்படி அளப்பது? நான் முதலில் நாடுவது சுக்ரோஸ் அடர்த்திச் சரிவுதான். கொஞ்சம் உழைப்பு கேட்கும், ஆனால் நேரடியான விடை தரும். இரண்டு வடிவங்களையும் 4 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைத்து, குறித்த இடைவெளிகளில் எடுத்து, அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். முழு வெற்று உறை 75எஸ் பகுதியிலும், பிரிந்த பென்டமர் 12எஸ் பகுதியிலும் நிற்கும் (எஸ் என்பது சுழற்சியில் துகள் படியும் வேகத்தின் அலகு). 75எஸ் பங்கின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால், அந்தக் கோடு இறங்கும் செங்குத்தே சிதைவு வேகம். 37 டிகிரியில் தெரிவது அப்படியே 4 டிகிரியிலும் நடக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

ஒளிச்சிதறல் கருவி வேகமானது, ஆனால் இங்கே ஏமாற்றும். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கோடு ஏறுவதால், 30 நானோமீட்டர் உறைகளுக்கு நடுவே சின்ன பென்டமர்கள் கண்ணில் படாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய திரட்சி கொஞ்சம் இருந்தால் உறைகளே மறைந்துவிடும். திரட்சி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதானால் யுரேனைல் அசிடேட் சாயம் வேண்டாம். அதன் பிஎச் 4-ஐ ஒட்டியது, சாயமே உறையைக் கலைத்துவிடும். பிஎச் 7-க்குச் சரிசெய்த பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் பாதுகாப்பானது. ஆர்என்ஏ உள்ள துகள்கள் என்றால் சைபர் கிரீன் சாயத்தால் ஆர்என்ஏ வெளியேறும் வெப்பநிலையையும் பிடிக்கலாம். வெற்று உறையில் அதற்கு வேலையில்லை.

அப்புறம், உங்கள் மாற்றம் எங்கே இருக்கிறது என்று கட்டமைப்பில் பாருங்கள். பென்டமருக்குள்ளேயே இருந்தால் அது மடிப்பை இறுக்கி உருகுநிலையை உயர்த்தியிருக்கலாம், பென்டமர்களின் பிணைப்புக்கு எதுவும் செய்யாமல். இரண்டு பென்டமர்கள் சந்திக்கும் எல்லைக்கு, அதாவது உறைப் புரதமான விபி3-இன் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் இருக்கும் இடத்துக்கு, அருகில் என்றால், சுக்ரோஸ் சரிவுச் சோதனையை பிஎச் 7.0-லும் 7.6-லும் தனித்தனியாகச் செய்யுங்கள். 7.0-ல் மட்டும் சிதைவு கூடினால் காரணம் அந்த எல்லையில்தான் இருக்க வாய்ப்பு.