ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் போடாதீர்கள்

தம்பி, நியூ ஜெர்சி எடிசனில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, கம்பெனி மாற்றலில் மனைவியோடும் நாலு வயது மகளோடும் மியூனிக் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். "அமெரிக்காவிலேயே இருந்து பழகியாச்சு அக்கா, ஐரோப்பா அப்படியென்ன வித்தியாசமாக இருந்துவிடப் போகிறது? மொழி ஒன்றுதானே சிக்கல்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2013-ல் விமானம் ஏறும்போது நானும் இதையேதான் நினைத்தேன். அதற்கு முன் ஏழு வருஷம் உங்கள் பக்கத்து ஊரில்தான் குடித்தனம். உண்மையைச் சொல்கிறேன், சென்னையிலிருந்து அமெரிக்கா போனபோது பட்ட பாட்டைவிட அங்கிருந்து இங்கே வந்தபோது பட்ட பாடு அதிகம். ஊரிலிருந்து கிளம்பும்போது நமக்கு ஒன்றும் தெரியாது என்ற பயம் இருக்கும். எதையும் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு செய்வோம். இங்கே வரும்போது எல்லாம் தெரிந்தவர்கள்போல வந்து இறங்குகிறோம். அதுதான் வம்பு.

நாங்கள் வந்திறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. காலையில் பாலும் அரிசியும் வாங்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. ஊரில் பந்த் என்றால்கூட ஏதாவது ஒரு டீக்கடை பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்பது ஜெர்மனியில் சும்மா வழக்கம் இல்லை, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஞாயிறு ஓய்வுக்கான நாள் என்று 1919-ல் வைமார் என்ற பழைய ஜெர்மன் அரசியல் சட்டத்தில் எழுதிய வரியை இன்றைய சட்டத்திலும் அப்படியே சேர்த்து வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்துக் கடைகள், பெட்ரோல் பங்க், சில மணி நேரம் பேக்கரி, அவ்வளவுதான். மற்ற நாட்களிலும் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இரவு 8 மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்த எடிசன் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கடை அடைப்பாவது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. கிரைண்டர் கதைதான் பெரிது. வந்து மூன்றாவது மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உளுந்தைப் போட்டு ஓடவிட்டேன். கால் மணி நேரத்தில் காலிங் பெல். கீழ்வீட்டுப் பாட்டி நின்றார். சத்தம் போடவில்லை. என்னை மாடிப்படி ஓரத்துக்குக் கூட்டிப்போய், சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினார். குடியிருப்பு விதிகள். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழு நாளும் அமைதி காக்க வேண்டும். டிரில்லர், புல் வெட்டும் எந்திரம் எதற்கும் அனுமதி இல்லை. காலி பாட்டில்களைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் 'டமார்' என்று போடுவதுகூடக் கூடாது. என் வீட்டில் என் மாவை அரைக்க இந்த அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று அன்றைக்கெல்லாம் கொதித்தேன். இப்போது மேல்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தால் எனக்கே சுருக்கென்கிறது. போய்ப் பெல் அடிக்கலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அதே பாட்டிதான் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் என் பார்சல்களை வாங்கி வைப்பார். இங்கே பார்சல்காரர் பெட்டியை வாசலில் போட்டுவிட்டுப் போவதில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று ஒரு சீட்டை மாட்டிவிட்டுப் போவார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டித்தான் எங்கள் கட்டடத்தில் எல்லோரையும் எனக்குப் பழக்கம். நியூ ஜெர்சியில் ஏழு வருஷம் எதிரே குடியிருந்தவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன், பெயர் தெரியாது.

எனக்குப் பிடிபட்டது இதுதான். அமெரிக்காவில் காசு கொடுப்பவர் வசதிதான் முதலில். அதனால் எல்லாம் திறந்திருக்கும், எல்லோரும் சிரிப்பார்கள், வாங்கிய பொருளைக் கேள்வி கேட்காமல் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். இங்கே கல்லாவில் இருக்கும் பெண்ணும் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் கணக்கில் வரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் பில் போடுவார். சிரிக்க மாட்டார். சாமான் பறந்து வரும், நீங்கள்தான் மளமளவென்று பையில் அள்ளிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் இதை அவமரியாதை என்று எடுத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். நீங்கள் அழ வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பணம் விஷயம் சுருக்கமாக. விலைச்சீட்டில் போட்டிருப்பதுதான் கொடுக்க வேண்டிய தொகை. 19 சதவீதமோ, பெரும்பாலான உணவுப் பொருளுக்கு 7 சதவீதமோ, வரி அதற்குள்ளேயே இருக்கிறது. கல்லாவில் போய்த் திடுக்கிட வேண்டியதில்லை. டிப்ஸ் கணக்கும் வேறு. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று 1991 முதல் இருக்கிறது. மாநிலங்கள் கூட்டிக் கொடுத்தாலும், டிப்ஸ்தான் அங்கே பாதிச் சம்பளம். இங்கே பரிமாறுபவருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. 28 யூரோ சொச்சம் பில் வந்தால், கொடுக்கும்போதே "முப்பது" என்று சொல்லிவிடுங்கள், தீர்ந்தது. மேசையில் வைத்துவிட்டு வரும் பழக்கம் இல்லை. தண்ணீர் சும்மா வராது, கேட்டால் பாட்டிலில் வரும், பில்லிலும் வரும். 'ஸ்டில்' என்று சொல்லாவிட்டால் சோடாதான். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், பெரும்பாலானவற்றுக்கு 25 சென்ட் முன்பணம் கட்டியிருக்கிறீர்கள். சூப்பர் மார்க்கெட் எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். முதல் வீட்டைப் பார்க்கப் போனபோது, சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து ஒரு குழாயும் ஒரு வயரும் நீட்டிக்கொண்டிருந்தன. அடுப்பு இல்லை, சிங்க் இல்லை, அலமாரி இல்லை. முன்பு இருந்தவர் கழற்றிக் கொண்டுபோய்விட்டார். விளக்கையும்தான், கூரையில் வயர் மட்டும் தொங்கியது. இது அவர் கஞ்சத்தனம் இல்லை, இங்கே நிறையப் பேர் சமையலறையைச் சொந்தமாக வாங்கி, மாறும்போது கூடவே எடுத்துப் போவார்கள், அல்லது அடுத்து வருபவருக்கு விற்பார்கள். ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் தயாராக இருக்கும் எடிசன் அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொண்டு வராதீர்கள். விளம்பரத்தில் 'ஏ-பே-கா' என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சமையலறையோடு வீடு என்று அர்த்தம். வாடகையில் 'குளிர் வாடகை', 'சூடான வாடகை' என்று இரண்டு உண்டு. குளிர் என்பது வெறும் வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவு சேர்ந்தால் சூடு. முன்பணம் குளிர் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

ஏசி இருக்காது. ஜூலையில் பகலில் வெளித் திரையை இறக்கிவிட்டு, ராத்திரி ஜன்னலைத் திறந்து போட்டுச் சமாளிப்போம். குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை எல்லா ஜன்னலையும் ஐந்து நிமிஷம் அகலத் திறந்துவைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். பைத்தியக்காரத்தனம் என்று நான் செய்யாமல் விட்டேன். நாம் கொதிக்க வைக்கும் சாம்பாருக்கும் வேகவைக்கும் இட்லிக்கும் சுவர் மூலையில் பூஞ்சை பிடித்து, காலி செய்யும்போது பெயின்ட் செலவை நாங்கள்தான் கொடுத்தோம். நல்ல செய்தி ஒன்று: பால்கனியில் துணி காயப்போடலாம், அமெரிக்காவைப் போல யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். தரைத்தளத்துக்கு மேலேதான் முதல் மாடி, ஊரில் இருப்பதுபோல.

ஆபீஸில் உங்களுக்கு நம் மொழி கைகொடுக்கும். அமெரிக்காவில் முதல் நாளே பெரிய பாஸையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூசிக்கொண்டே பழகியிருப்பீர்கள். ஜெர்மனில் 'ஸீ' நீங்கள், 'டூ' நீ. யாரை எப்போது 'நீ' சொல்லலாம் என்ற நுணுக்கத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயதிலோ பதவியிலோ பெரியவர்தான் 'டூ' என்று சொல்லலாமே என்று முதலில் அழைக்க வேண்டும். நிறையக் கம்பெனிகளில் இப்போது எல்லோருக்கும் 'டூ'தான், ஆனாலும் முதல் நாள் காத்திருந்து பாருங்கள்.

நடைபாதையில் எதிரே வருபவரிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் நடக்காதீர்கள். நான் அப்படிக் கேட்டு, ஒருவர் தன் முதுகுவலியைப் பத்து நிமிஷம் சொன்னார். "ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்று பேச்சுக்குச் சொன்னாலும் காலண்டரை எடுத்துவிடுவார்கள். மீட்டிங்கில் "இது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது உங்களைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி. மத்தியானம் அதே ஆள் காபிக்குக் கூப்பிடுவார். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்று நினைப்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிப்போவது உங்கள் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மிட்டாய் கொடுத்தோமே, அதேதான்.

விடுமுறைதான் உங்களை மயக்கப் போகிறது. வாரம் ஐந்து நாள் வேலைக்கு வருஷம் 20 நாள் சட்டப்படியே உண்டு. நடைமுறையில் பல இடங்களில் 30 நாள். அமெரிக்காவில் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். முதல் குளிர்காலத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆபீஸ் போனேன், உழைப்பாளி என்று பெயர் வாங்கலாம் என்று. மேனேஜர் என்னை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார். நோய்க்கு ஆறு வாரம் வரை முழுச் சம்பளம், அது விடுமுறைக் கணக்கில் சேராது. விடுமுறையில் இருக்கும்போது காய்ச்சல் வந்து டாக்டர் சீட்டு வாங்கினால் அந்த நாட்களும் உங்களுக்கே திரும்பி வரும். இதை நான் ஒரு வருஷம் நம்பவே இல்லை.

மருத்துவத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் என் மகன் பிறந்து அவன் தவழத் தொடங்கிய பிறகும் பில் வந்துகொண்டிருந்தது. எது பில், எது பில் இல்லை என்பதற்கே ஒரு ஃபைல் வைத்திருந்தோம். இங்கே பொதுக் காப்பீட்டில், ஆஸ்பத்திரியில் படுத்தால் பெரியவர்களுக்கு நாளைக்கு 10 யூரோ, அதுவும் வருஷத்தில் 28 நாளுக்குத்தான். உங்கள் மனைவி வேலைக்குப் போகாதவரை அவரும் குழந்தையும் கூடுதல் பணம் இல்லாமல் உங்கள் காப்பீட்டிலேயே வந்துவிடுவார்கள். ஆனால் தோல் டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் போனால் மருந்துக்குப் பதில் "மூலிகை டீ குடியுங்கள்" என்பார்கள். காத்திருக்கும் அறையில் நுழையும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லுங்கள். மியூனிக்கில் 'க்ரூஸ் காட்'.

உங்கள் மகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆறேழு வயதுக் குழந்தைகள் தனியாகப் பள்ளிக்கு நடந்து போவதைப் பார்த்து நீங்கள் பதறுவீர்கள், பிறகு மகிழ்வீர்கள். ஆனால் பவேரியாவில் நாலாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து அடுத்த பள்ளியைப் பிரித்துவிடுவார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறம் பற்றிய பொதுப்பாடம் மூன்றிலும் சேர்த்து சராசரி 2.33-க்குள் இருந்தால்தான் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கொண்டுபோகும் பள்ளியான கிம்னாசியத்துக்கு நேரடி வழி (இங்கே 1 தான் முதல் தரம்). பத்து வயதில் இப்படிப் பிரிப்பது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. பிறகு மாறிக்கொள்ள வழிகள் உண்டு, என்றாலும் முதல் நாளிலிருந்தே குழந்தையை ஜெர்மன் கிண்டர்கார்டனில் விடுங்கள். இங்கிலீஷ் பள்ளி தேடி அலைய வேண்டாம்.

கார் ஓட்டினால், சிவப்பில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பும் நியூ ஜெர்சிப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். பச்சை அம்புப் பலகை இருந்தால்தான் உண்டு. சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி. நடக்கும்போதும், வண்டியே வராவிட்டாலும் சிக்னலில் சிவப்பு மனித உருவம் எரிந்தால் நில்லுங்கள், பக்கத்தில் குழந்தை இருந்தால் கட்டாயம். நாங்கள் காரை விற்றுவிட்டோம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கு ஒரே மாதச் சீட்டு இருக்கிறது. 49 யூரோவில் தொடங்கி விலை ஏறிவிட்டது, இருந்தாலும் காரைவிட மலிவு.

அமெரிக்காவை விட்டு வந்ததில் எதை இழந்தேன் என்றும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பெண் கடையில் நின்று "உங்கள் சேலை அழகு" என்று சொல்லிவிட்டுப் போவாளே, அது இங்கே நடக்காது. "எந்த ஊர்?" என்று அங்கே கேட்டால் எடிசன் என்று சொல்லி முடித்துவிடலாம். இங்கே மியூனிக் என்றால் "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று இன்னொரு கேள்வி வரும். எடிசனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு போல ஒரு தெருவும் கிடையாது. எனக்கு ஆறுதல் ஈழத் தமிழர்களின் கடைகள்தான். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள், நம்மைவிட ஒரு தலைமுறை முன்னால் இந்த ஊரைப் படித்தவர்கள். காகிதம் எதுவும் புரியாவிட்டால் அந்தக் கல்லாவில் இருக்கும் அண்ணாவிடம் காட்டுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் அதற்குத் தேவை. அது இல்லாமல் பாங்க், போன் எல்லாம் இழுபறி. அப்புறம், அங்கே வாங்கிய கிரைண்டரையும் மிக்ஸியையும் யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். அவை 110 வோல்ட், இங்கே 230, போட்டவுடன் புகைந்துவிடும். ஊருக்குப் போகும்போது கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்று வாங்கி வந்தால் அடாப்டர் மாட்டி ஓட்டலாம். சனிக்கிழமை சாயங்காலம் போடுங்கள்.