முதல் கைத்துப்பாக்கி

கேள்வி: சுடுதலை விளையாட்டாகப் பழக ஆசை. முதலில் எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்? (வாசகர், ஹட்டன்)

பதில்: 4.5 மி.மீ. காற்றுக் கைத்துப்பாக்கிதான் நல்லது. 10 மீற்றர் போட்டிக்கும் அதுவே. உதைப்பு மிகக் குறைவு என்பதால் உங்கள் தவறுகள் இலக்கில் அப்படியே தெரியும். அனுமதிப்பத்திர விபரத்தை முதலில் மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். கழகத்துத் துப்பாக்கியில் பழகிய பிறகே காசைச் செலவழியுங்கள்.

பிராண்டைவிடப் பிடிதான் முக்கியம். ஒற்றைக் கையால் பிடித்தபடி கண்ணை மூடித் திறந்தால் குழலின் மேலுள்ள முன், பின் குறிகள் இரண்டும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். சுட்டுவிரலின் முதல் கணுச் சதை விசையில் நேராகப் பதிய வேண்டும். பிடி பெரிதானால் விரல்நுனி மட்டுமே எட்டும். இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் தள்ளப்படும். விசையை இழுக்கத் தேவையான எடை போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம். அதற்குக் கீழே இறக்கவே வேண்டாம்.

ஈயக்குண்டு தட்டைத் தலையுள்ளதாக இருக்கட்டும், காகிதத்தில் துளை வட்டமாக விழும். நம் மலைநாட்டு ஈரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, குண்டில்லாமல் பூட்டி வையுங்கள்.