கதை நின்ற பிறகு தொடரும் பாட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் இசைக் கட்டுரைகள் தந்த ஊக்கத்தில் இத்தாலிய இசையமைப்பாளர் தொனிஸெத்தியின் ‘லூசியா தி லாம்மர்மூர்’ என்ற ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, காணொளியில் பார்த்தேன். மணநாள் இரவில் கணவனைக் கொன்றுவிட்டு வரும் பெண், விருந்தினர் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, கால் மணி நேரம் பாடுகிறாள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. குரல்வித்தை என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

கதை நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் லூசியா மேடைக்கு வருவதற்கு முன்பே அது நின்றுவிட்டது. கொலை நடந்த செய்தியைப் பாதிரியார் ரைமொந்தோ முன்னதாகவே வந்து விருந்தினரிடம் சொல்லிவிடுகிறார். அவள் வரும்போது நாம் அறிய வேண்டிய நிகழ்ச்சி எதுவும் மிச்சமில்லை, அவள் மனத்துக்குள் நடப்பதைத் தவிர.

1830களின் இத்தாலிய ஓபராவில் பெரிய தனிப்பாடலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பேச்சை ஒட்டிய பகுதி முதலில் வரும். அடுத்து நிதானமான பாட்டு. இடையில் யாராவது வந்தோ ஏதாவது நடந்தோ நிலைமை மாறும். இறுதியில் விரைவான பாட்டு. லூசியாவின் காட்சியும் இந்தச் சட்டகத்தில்தான் அமைந்திருக்கிறது. ஆனால் நிதானப் பாட்டை எட்டுவதற்குள் அவள் மனம் பலமுறை தடம் மாறுகிறது. நீரூற்றருகே கண்ட ஆவி மீண்டும் வருகிறது. முதல் அங்கத்தில் காதலன் எட்கார்தோவுடன் பாடிய காதல் மெட்டு வாத்தியங்களில் எழுந்து, முழுமை பெறாமல் கலைகிறது. அவனுக்கும் தனக்கும் திருமணம் நடப்பதாக அவள் எண்ணிக்கொள்கிறாள். விருந்தினர் இருப்பதை மறந்தவளை அவர்கள் எப்படி நிறுத்துவார்கள்?

அவளோடு சேர்ந்து ஒலிக்கத் தொனிஸெத்தி முதலில் தேர்ந்தது கண்ணாடி ஹார்மோனிகாவை. சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களை நனைந்த விரலால் தொட்டு வாசிக்கும் கருவி அது. கேட்பவரின் சித்தத்தைக் கலைக்கும் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். 1835 செப்டம்பர் 26 அன்று நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் ஓபரா முதன்முதலாக மேடையேறுவதற்குள் அந்தக் கருவியின் இடத்தைப் புல்லாங்குழல் பிடித்துக்கொண்டது. அண்மைக் காலத்தில் சில அரங்குகள் கண்ணாடிக் கருவியை மீட்டுக் கொண்டுவந்துள்ளன. அதைத் தேடிக் கேளுங்கள், புல்லாங்குழலின் இனிமை இல்லாமல் காட்சி எவ்வளவு குளிர்ந்துபோகிறது என்பது தெரியும்.

குரல்வித்தை என்ற உங்கள் சந்தேகத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. குரலும் புல்லாங்குழலும் ஒன்றையொன்று துரத்தும் அந்த நீண்ட அலங்காரம் தொனிஸெத்தி எழுதியதன்று. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் பாடகியருக்காகச் சேர்க்கப்பட்டது. எனக்கு அது எப்போதும் சற்று மிகையாகவே படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தக் காட்சிக்குக் கிடைத்த கைதட்டலை நம்பி, இதற்குப் பின்வரும் கல்லறைக் காட்சியையே சில இடங்களில் விட்டுவிட்டார்கள். நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டாம். லூசியா இறந்த செய்தி கேட்டு எட்கார்தோ தன்னைக் குத்திக்கொண்ட பின், அவன் பாடிய மெட்டைச் செல்லோக்கள் ஏற்று இசைக்க, அவன் வரிகள் நடுநடுவே அறுபட்டு விழுகின்றன. அங்கே வித்தை காட்ட இடமே இல்லை.